1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம்: பத்தாவது இன்னிங்ஸையும் மோரிஸிடமே விட்டது சரியான முடிவா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 1991 அக்டோபர் 27 அன்று மினியாபொலிஸ் நகரின் மெட்ரோடோம் அரங்கில் நடந்த பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தை அண்மையில் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை முழுப் பதிவாகப் பார்த்து முடித்தேன். மினசோட்டா ட்வின்ஸ் 1, அட்லாண்டா பிரேவ்ஸ் 0 என்று பத்து இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒருமுறை மட்டையாடும் சுற்று ஓர் இன்னிங்ஸ்; வழக்கமாக ஒன்பது) முடிந்த ஆட்டம் அது. நான் ட்வின்ஸ் அணியின் ரசிகன். முந்தைய ஆண்டு தத்தம் பிரிவில் கடைசி இடத்தில் இருந்த இரண்டு அணிகள் மறு ஆண்டே உலகத் தொடரில் மோதி, ஏழு ஆட்டங்களில் ஐந்தை ஒற்றை ரன் வித்தியாசத்தில் முடித்தன என்பதே இன்று நினைத்தாலும் நம்ப முடியாததாக இருக்கிறது.

பத்து இன்னிங்ஸையும் தனியொருவராக வீசிய ட்வின்ஸ் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் மோரிஸின் புகழை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் பதிவைப் பார்த்தபோது எனக்கு இரண்டு ஐயங்கள் எழுந்தன. எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸின் டெர்ரி பெண்டில்டன் இடது மையப் பகுதிக்கு அடித்த டபுளில் (அடித்தவர் இரண்டாவது பேஸை எட்டும் அடி) முதல் பேஸிலிருந்து கிளம்பிய லானி ஸ்மித் எளிதாக ஹோம் பிளேட்டைத் தொட்டு ரன் எடுத்திருக்க வேண்டும். அவர் இரண்டாவது பேஸ் அருகே தயங்கி நின்று, மூன்றாவது பேஸோடு நிறுத்திக்கொண்டார். அப்படியானால் அந்த ஆட்டத்தில் ரன் விழாமல் போனதற்குக் காரணம் மோரிஸின் பந்துவீச்சா, ஸ்மித்தின் தயக்கமா? இது முதல் ஐயம்.

ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் ட்வின்ஸ் மேனேஜர் டாம் கெல்லி மோரிஸை வெளியே எடுக்க நினைத்தார் என்றும், மோரிஸ் விடாப்பிடியாக நின்றதால் மனம் மாறினார் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். மோரிஸுக்கு அப்போது 36 வயது. மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு வீசிக்கொண்டிருந்தார். இன்றைய கணக்குகளின்படி பார்த்தால் கெல்லி செய்தது உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்றுதானே சொல்ல வேண்டும்? அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஆகவே எட்டாவது இன்னிங்ஸோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கான விடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லானி ஸ்மித் முதல் பேஸிலிருந்து, பந்து வீசப்படும்போதே ஓடத் தொடங்கியிருந்தார். ஓடும்போது அவர் மட்டையாளரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்து எங்கே போனது என்பதே இரண்டாவது பேஸை நெருங்கும்போது அவருக்குத் தெரியவில்லை. அங்கே இரண்டாவது பேஸ்காரர் சக் நாப்லாக்கும் ஷார்ட்ஸ்டாப் கிரெக் கேக்னியும், தரையில் உருண்டு வந்த பந்தை எடுத்து டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) செய்வதுபோல் பாவனை செய்தார்கள். நாப்லாக் அந்த ஆண்டின் புதுமுக வீரர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஸ்மித் அந்தப் பாவனையில் ஏமாந்தாரா, அல்லது பந்தைக் காணாமல் தானாகவே நின்றாரா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. தாம் ஏமாறவில்லை, பந்தைத்தான் தேடினோம் என்பது ஸ்மித்தின் விளக்கம். எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு ரன் போனது உண்மை, அதை மறுக்க முடியாது.

ஆனால் அடுத்து என்ன நிலை என்று பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆட்கள், ஒருவர்கூட அவுட் ஆகவில்லை, அடுத்து வருபவர்கள் ரான் கான்ட், டேவிட் ஜஸ்டிஸ், சிட் பிரீம். பிரேவ்ஸின் வரிசையில் நடுவில் நிற்கும் மூன்று பலமான மட்டையாளர்கள் இவர்கள். அவுட்ஃபீல்டில் ஓரளவு தூரம் போகும் ஒரு கேட்ச் கொடுத்தால்கூட ஸ்மித் ஹோம் வந்துவிடுவார். அப்படிப்பட்ட நிலையில் ஒரு பிட்சர் ரன் கொடுக்காமல் தப்பினால், அதற்கு முன் ஓடியவர் செய்த தவறை மட்டும் காரணமாகச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கான்ட் அடித்தது வேகமற்ற தரைப்பந்து. அது முதல் பேஸில் நின்ற கென்ட் ஹர்பெக்கிடம் போனது. இரு ஓட்டக்காரர்களும் அசையவில்லை, ஒரு அவுட். அங்கே கெல்லி களத்துக்கு வந்து பேசினார். இடது கை மட்டையாளரான ஜஸ்டிஸை வேண்டுமென்றே நடக்கவிட்டு (அடிக்க வாய்ப்புத் தராமல் முதல் பேஸை இலவசமாகக் கொடுத்து), பேஸ்கள் மூன்றையும் நிரப்பினார்கள். இது சிலருக்குத் துணிச்சலாகத் தோன்றலாம். உண்மையில் அது அந்த இடத்தில் மிகத் தெளிவான கணக்கு. பேஸ்கள் நிரம்பிவிட்டால் மூன்றாவது பேஸிலிருந்து வருபவரைக் கேட்சர் தொட வேண்டியதில்லை, பந்தோடு பிளேட்டை மிதித்தாலே போதும். அடுத்து வருபவர் பிரீம். முழங்கால் அறுவை சிகிச்சைகள் பல கண்டவர், மெதுவாக ஓடுபவர். ஒரு தரைப்பந்து கிடைத்தால் இரண்டு அவுட் உறுதி.

அந்தத் தரைப்பந்தைத்தான் மோரிஸ் வாங்கினார். பிரீம் மீண்டும் ஹர்பெக்கிடமே அடித்தார். ஹர்பெக் அதை ஹோம் பிளேட்டில் நின்ற கேட்சர் பிரையன் ஹார்ப்பரிடம் எறிந்தார், ஸ்மித் அவுட். ஹார்ப்பர் அதே மூச்சில் திரும்ப ஹர்பெக்கிடம் எறிய, பிரீமும் அவுட். அந்த நொடியில் மோரிஸ் முஷ்டியை மடக்கிக் காற்றில் குத்திக் கத்தியதை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று. அந்த மூன்று மட்டையாளர்களில் இருவரிடம் வீசினார், இருவருமே பந்தை மேலே தூக்க முடியாமல் தரையில்தான் அடித்தார்கள். மோரிஸ் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் இருந்த காலத்தில் பிட்சிங் பயிற்சியாளர் ராஜர் கிரெய்கிடம் ஸ்ப்ளிட்டர் கற்றவர். வேகப்பந்துபோல் வந்து, பிளேட்டை நெருங்கும்போது கீழே விழும் பந்து அது. ஸ்ப்ளிட்டர் ஒன்று வரலாம் என்ற அச்சம் மட்டையாளரின் மனத்தில் இருக்கும்வரை, வேறு எந்தப் பந்து வந்தாலும் அவரால் முழு நம்பிக்கையோடு மட்டையைச் சுழற்ற முடியாது. ஐந்தாவது இன்னிங்ஸிலும் இதே நிலை வந்தது. முதல், மூன்றாவது பேஸ்களில் ஆட்கள், ஒரு அவுட். அங்கே பெண்டில்டனிடம் எளிய உயரப்பந்து, கான்டிடம் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). ஒரே ஆட்டத்தில் இருமுறை நடந்த ஒன்றை வெறும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிறு விஷயம். அந்த ஆட்டத்தின் முதல் மட்டையாளராக வந்த லானி ஸ்மித், முதல் பந்துக்கு முன் குனிந்து ஹார்ப்பரின் கையைக் குலுக்கினார். நான்காவது ஆட்டத்தில் ஹோம் பிளேட்டில் ஹார்ப்பர்மீது முழு வேகத்தில் மோதியவர் அவர். அதே பிளேட்டில், அதே ஹார்ப்பரின் காலடியில் அவர் எட்டாவது இன்னிங்ஸில் அவுட் ஆனார். அவரை இந்தத் தோல்வியின் முகமாகவே வைத்துப் பேசுபவர்கள் அவருக்குப் பெரிய அநீதி செய்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது பதில்

நான் பிரேவ்ஸ் ரசிகன். மேலே எழுதிய நண்பர் ஸ்மித்துக்காகப் பேசியதற்கு என் மனமார்ந்த நன்றி. ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மோரிஸைப் பற்றி மட்டுமே பேசுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும். அன்று ஸ்கோர் பலகையில் இரண்டு பக்கமும் பூஜ்யங்கள் இருந்தன. அவற்றில் பாதியை வரிசையாக எழுதியவர் ஜான் ஸ்மோல்ட்ஸ்.

அவருக்கு அப்போது 24 வயது. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் டைகர்ஸ் ரசிகராக வளர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது டைகர்ஸின் முதன்மைப் பிட்சர் இந்த மோரிஸ்தான். 1987இல் டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பிட்சரை வாங்குவதற்காக டைகர்ஸ் அணி ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. தாம் பார்த்து வளர்ந்த பிட்சருக்கு எதிராக உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் நின்று, ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசுவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டின் முதல் பாதியில் அவருடைய கணக்கு 2 வெற்றி, 11 தோல்வி. இரண்டாம் பாதியில் 12 வெற்றி, 2 தோல்வி. லீக் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் நகரில் எதிரணிக்கு ஒரு ரன்னும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசி, பிரேவ்ஸை உலகத் தொடருக்கு அழைத்து வந்தவரும் அவரே.

எட்டாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியையும் பாருங்கள். ட்வின்ஸின் ரேண்டி புஷ் ஒரு ஹிட், நாப்லாக் ஒரு ஹிட், முதல், மூன்றாவது பேஸ்களில் ஆட்கள், ஒரு அவுட். பிரேவ்ஸ் மேனேஜர் பாபி காக்ஸ் அங்கே ஸ்மோல்ட்ஸை எடுத்துவிட்டு மைக் ஸ்டான்டனை அழைத்தார். கர்பி பக்கெட்டை வேண்டுமென்றே நடக்கவிட்டு, இடது கை மட்டையாளரான ஹர்பெக்கிடம் இடது கைப் பிட்சரை வீசச் சொன்னார். ஹர்பெக் அடித்த பந்து நேராக பிரேவ்ஸின் இரண்டாவது பேஸ்காரர் மார்க் லெம்கியின் கையுறைக்குள் போனது. லெம்கி இரண்டாவது பேஸை மிதிக்க, டபுள் பிளே. சில நிமிடங்களுக்கு முன் தம் கையுறையால் தம் அணியைக் காப்பாற்றிய அதே ஹர்பெக், பேஸ்கள் நிரம்பிய அதே நிலையில் தம் மட்டையால் அதே வாய்ப்பை இழந்தார். ஒரே இன்னிங்ஸின் இரு பாதிகளும் இப்படி ஒன்றையொன்று ஒத்து முடிந்த வேறோர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆகவே கேள்வி கேட்ட நண்பருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். காக்ஸ் தம் பிட்சரை எடுத்தார், அது பலித்தது. கெல்லி எடுக்கவில்லை, அதுவும் பலித்தது. விளைவை மட்டும் வைத்து எந்த முடிவு சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த ஆட்டம் இடம் தராது.

மூன்றாவது பதில்

உங்கள் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பிட்சரை அதே மட்டையாளர் மூன்றாம் முறை சந்திக்கும்போது அவருடைய பந்துகள் பழகிவிடுகின்றன, அடிப்பது எளிதாகிறது என்பது இன்று எல்லா அணிகளும் ஏற்கும் உண்மை. நான்காம் முறை சந்திக்கவிடுவதை இன்றைய மேனேஜர்கள் கனவிலும் நினைக்க மாட்டார்கள். மோரிஸுக்குப் பிறகு உலகத் தொடரில் எந்தப் பிட்சரும் ஒன்பது இன்னிங்ஸைத் தாண்டி வீசியதில்லை. அவருக்கு முன் பத்து இன்னிங்ஸ் வீசியவரைத் தேடினால் 1969இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் டாம் சீவர் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.

ஆனால் பொது விதியை ஒரு குறிப்பிட்ட இரவின்மேல் அப்படியே ஏற்றி வைக்கக் கூடாது. கெல்லியின் கண் முன்னே இருந்தவை மூன்று. ஒன்பதாவது இன்னிங்ஸில் மோரிஸ் மூன்று பேரையும் வரிசையாக வீழ்த்தினார், சோர்வின் அடையாளம் அவரிடம் இல்லை. பத்து இன்னிங்ஸுக்கும் சேர்த்து அவர் வீசியவை 126 பந்துகளே. அந்தக் காலத்தில், அதுவும் வாழ்நாளில் 175 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே வீசிய ஒருவருக்கு, அது மிகையான எண்ணிக்கை அல்ல. மூன்றாவதாக, மாற்றாக யார் இருந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். முந்தைய இரவு நடந்த ஆறாவது ஆட்டமே பதினோரு இன்னிங்ஸ் வரை போனது. பக்கெட் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்த ஆட்டம் அது. அன்று ஆட்டத்தை முடிக்கும் பிட்சரான ரிக் அகிலேரா இரண்டு இன்னிங்ஸ் வீசியிருந்தார். அவரும் சிறந்த பிட்சர்தான், மறுக்கவில்லை. ஆனால் களைத்த கையோடு உள்ளே வந்து முதல் பந்திலேயே ஆட்டத்தின் சூட்டைப் பிடிக்க வேண்டிய ஒருவரையும், அந்தச் சூட்டிலேயே நின்றுகொண்டிருக்கும் ஒருவரையும் ஒப்பிட்டால் கெல்லி செய்ததை உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். பிட்சிங் பயிற்சியாளர் டிக் சச்சும் மோரிஸ் தொடரலாம் என்ற கருத்தோடுதான் இருந்தார்.

எதிர்ப் பக்கத்துக்கு 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தை நினைவுகூரலாம். தற்செயலாக அதுவும் அக்டோபர் 27ஆம் நாள்தான். டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல் ஆறாவது இன்னிங்ஸில் 1-0 என்ற முன்னிலையோடு வீசிக்கொண்டிருந்தார். 73 பந்துகளில் ஒன்பது ஸ்ட்ரைக்அவுட், கொடுத்தவை இரண்டே ஹிட்கள். அடுத்து வரவிருந்த டாட்ஜர்ஸின் முதல் மூன்று மட்டையாளர்களையும் அன்று சந்தித்த ஆறு முறையும் ஸ்ட்ரைக்அவுட் செய்திருந்தார். ஆனாலும் மூன்றாம் முறை சந்திக்கவிடக் கூடாது என்ற கணக்கின்படி மேனேஜர் கெவின் கேஷ் அவரை எடுத்துவிட்டார். அடுத்து வந்த நிக் ஆண்டர்சனின் பந்தில் மூக்கி பெட்ஸ் டபுள் அடித்தார். அந்த இன்னிங்ஸிலேயே டாட்ஜர்ஸ் முன்னிலை பெற்று, 3-1 என்று ஆட்டத்தையும் தொடரையும் வென்றது.

இரண்டாவது பதிலை எழுதிய நண்பர், விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார். நான் அதை முழுதும் ஏற்கிறேன். அதனால்தான் விளைவை விட்டுவிட்டு, முடிவெடுத்த நொடியில் மேனேஜருக்குத் தெரிந்திருந்தவற்றைப் பார்க்கச் சொல்கிறேன். கெல்லி தம் எதிரே நின்ற பிட்சரைப் பார்த்தார். கேஷ், தம் பிட்சரைப் போன்ற பல நூறு பிட்சர்களின் சராசரியைப் பார்த்தார். இரண்டும் அறிவார்ந்த வழிகளே. எனினும் ஓர் ஆண்டின் கடைசி ஆட்டத்தில், நாளைக்கென்று கையைச் சேமித்துவைக்க வேண்டிய தேவையே இல்லாத இரவில், முதல் வழிக்கே கூடுதல் எடை உண்டு என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. மேலே வந்த விளக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பத்தாவது இன்னிங்ஸை மறுபடி பார்த்தேன். மோரிஸ் அங்கேயும் மூவரை வரிசையாக வீழ்த்தினார். பிறகு டான் கிளாடன் மட்டை உடைந்த நிலையில் அடித்த பந்து இடது மையப் பகுதியில், அந்த அரங்கின் கடினமான செயற்கைத் தரையில் உயரமாகத் துள்ளியது. அந்தத் துள்ளலைக் கண்டவுடன் அவர் முதல் பேஸில் நிற்காமல் இரண்டாவதுக்கு ஓடியதுதான் இந்த வெற்றியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாப்லாக்கின் பன்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடும் அடி) அவரை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தியது. பக்கெட்டையும் ஹர்பெக்கையும் வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். முழங்கால் வலியோடு இருந்த ஜீன் லார்கின் மாற்று மட்டையாளராக வந்து, அலெஹாண்ட்ரோ பெனாவின் முதல் பந்தையே, முன்னே இழுத்து நிறுத்தப்பட்டிருந்த அவுட்ஃபீல்டர்களின் தலைக்கு மேல் அனுப்பினார்.

இதை ஒட்டி இன்னொன்று கேட்கிறேன். மோரிஸின் வாழ்நாள் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சரின் பொறுப்பில் விழும் சராசரி ரன்கள்; குறைவாக இருப்பதே நல்லது) 3.90 என்பதால் அவர் ஹால் ஆஃப் ஃபேம் (சிறந்த வீரர்களுக்கான புகழ்க்கூடம்) மதிப்புக்கு உரியவர் அல்லர் என்று பலர் வாதிட்டார்கள் என அறிகிறேன். இந்த ஓர் ஆட்டம்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததா?

முதல் பதிலை எழுதியவர்

இந்த ஆட்டம் இல்லாவிட்டால் அந்த வாதம் அவ்வளவு நீண்டிருக்காது என்பது உண்மை. செய்தியாளர்களின் வாக்கெடுப்பில் பதினைந்து ஆண்டுகள் அவர் பெயர் இருந்தது. 2013இல் 67.7 விழுக்காடு வரை உயர்ந்தும் தேவையான 75 விழுக்காட்டை எட்டவில்லை. பின்னர் குழுவின் தேர்வு வழியாக 2018இல் சேர்க்கப்பட்டார். அப்போது அங்கிருந்த பிட்சர்கள் அனைவரிலும் உயர்ந்த ஈ.ஆர்.ஏ. அவருடையதுதான். ஸ்மோல்ட்ஸோ 2015இலேயே, தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே செய்தியாளர்களின் வாக்கால் நுழைந்துவிட்டார். வாழ்நாள் முழுவதையும் எடைபோட்டால் ஸ்மோல்ட்ஸே உயர்ந்த பிட்சர் என்பதை ட்வின்ஸ் ரசிகனாகிய நானும் ஒப்புக்கொள்வேன்.

ஆனால் மோரிஸை இந்த ஓர் இரவுக்குள் அடைத்துவிட வேண்டாம். அந்தத் தொடரில் அவர் முதல், நான்காவது, ஏழாவது ஆட்டங்களில் மொத்தம் 23 இன்னிங்ஸ் வீசி மூன்றே ரன்கள் கொடுத்தார், ஈ.ஆர்.ஏ. 1.17. அவற்றில் நான்காவது ஆட்டத்திலும் அவருக்கு எதிரே வீசியவர் ஸ்மோல்ட்ஸ்தான். அட்லாண்டாவில் ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியில் லெம்கி மூன்றாவது பேஸ் வரை ஓடும்படி ஓர் அடி அடித்து, பிரேவ்ஸ் 3-2 என்று வென்ற ஆட்டம் அது. அதன் பதிவு கிடைத்தால் அதையும் பாருங்கள். அன்று மோரிஸை ஆறு இன்னிங்ஸோடு எடுத்தவரும் இதே கெல்லிதான்.